பின்னால் வரும் லாரியை முன்கூட்டியே அறிய: மின்சார சைக்கிளில் ரேடார் விளக்கு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், இரவு ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து மின்சார சைக்கிளில் திரும்பும் நம் சகோதரர்களுக்குப் பெரிய அச்சம், பின்னால் வரும் கன்டெய்னர் லாரிகள்தான். இதற்கு ரேடார் பின்விளக்கு உதவும்.

இது ரேடியோ அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதைக் கொண்டு வாகனம் நெருங்குவதை அறிகிறது. கார்மின் நிறுவனத்தின் வேரியா விளக்கு சுமார் 140 மீட்டர் தொலைவிலேயே செல்போனில் எச்சரிக்கும். நம்மைவிட மணிக்கு 50 கி.மீ. கூடுதல் வேகத்தில் லாரி வந்தால், ஒதுங்க ஏறத்தாழ 10 விநாடி கிடைக்கும்.

விளக்கைச் சீட்டுக் கம்பியில், சாயாமல் நேராகப் பின்னோக்கிப் பொருத்த வேண்டும். சாப்பாட்டுப் பையோ மழைக்கோட்டோ அதை மறைக்கக் கூடாது. சைக்கிளின் 36 வோல்ட் பேட்டரியில் நேரடியாக இணைத்தால் விளக்கு பழுதாகிவிடும். தனியாக சார்ஜ் செய்வதே பாதுகாப்பு.

நம் வேகத்திலேயே பின்தொடரும் வாகனத்தை ரேடார் காட்டாமல் போகலாம். ஆகவே வலப்புறம் திரும்புமுன் தலையைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். விலை கட்டுப்படியாகாதவர்கள் சாதாரண சிவப்பு விளக்கும் ஒளிரும் ஸ்டிக்கருமாவது பொருத்துங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். வீட்டில் நமக்காகக் காத்திருப்போரும் அப்படியே.