அழுத்தம் எங்கே விழுகிறது?

வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்கள் பலர் சொற்களையும் இலக்கணத்தையும் மட்டும் உருப்போடுகிறார்கள். 11 முதல் 14 நிமிடம் நடக்கும் பேச்சுத் தேர்வில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. அதுக்காக வெள்ளைக்காரர் மாதிரி பேசணும்னு இல்லை; கேட்பவருக்குப் புரியணும்.

நமக்குச் சிக்கல் அசையழுத்தத்தில். தமிழில் அழுத்தம் மாறினால் சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' என்பதை முதல் அசையில் அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாவதில் அழுத்தினால் வினைச்சொல். 'டெவலப்' என்பதில் நம்மில் பலர் முதல் அசையை அழுத்துகிறோம். அழுத்த வேண்டியது இரண்டாவதை.

புதுச் சொல் படிக்கும்போது அகராதியில் உச்சரிப்புக்குள் வரும் சின்ன மேல்கோட்டையும் பாருங்கள். அடுத்து வரும் அசையில்தான் அழுத்தம். செல்போனில் பதிவுசெய்து கேட்டுத் திருத்துங்கள். தேர்வு ஒரு நாளோடு முடிஞ்சிடும். வகுப்பில் நாம் கேட்கிற கேள்வி தினமும் புரியணுமே!