துளிக்குள் ஒரு துடிப்பு

குழந்தைகளே, முக்கொம்புக்குப் போயிருக்கிறீர்களா? திருச்சிக்கு மேற்கே காவிரி இரண்டாகப் பிரியும் இடம் அது. ஒரு கிளை காவிரி என்ற பெயரோடேயே வருகிறது. மற்றொன்று கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே தீவாக இருப்பதுதான் ஸ்ரீரங்கம். மேலணைக்கு முன்னால் தேங்கி நிற்கும் தண்ணீர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் கொள்ளிடத்தில் இறங்கிவிட்ட தண்ணீர் அம்மா மண்டபம் படித்துறைக்கு வர முடியுமா? முடியாது. அப்புறம் வாய்க்கால், மடை, வயல் என்று பிரியப் பிரிய அதன் வழி குறுகிக்கொண்டே போகும்.

நம் உடம்பின் கதையும் இப்படித்தான். நாம் எல்லோரும் ஒரே ஒரு செல்லாகத்தான் தொடங்கினோம். அது இரண்டாகி, நான்காகி, எட்டாகி, ஐந்தாம் நாளில் ஊசிமுனை அளவுள்ள ஒரு பந்தாகிறது. அந்தப் பந்தின் உட்பக்கத்துச் செல்கள் இதயமாகவும் ஆகலாம், எலும்பாகவும் ஆகலாம், மூளையாகவும் ஆகலாம். இன்னும் வாய்க்காலில் இறங்காத முக்கொம்புத் தண்ணீர்! இவற்றைக் கருமுளை ஸ்டெம் செல்கள் என்கிறார்கள். ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் குருத்தணு என்று அழகான பெயர் உண்டு. வாழைக் குருத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் எல்லா நோயும் பறந்துவிடும் என்று சில விளம்பரங்கள் வரும். அவற்றை நம்பாதீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு புது மருந்து ஆபத்தானதா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க இந்தச் செல்கள் எப்படி உதவுகின்றன தெரியுமா?

அதற்கு முதலில் ஒரு சோகக் கதையைக் கேட்க வேண்டும். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கு நல்லது என்றார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. கர்ப்பிணிப் பெண்கள் மசக்கை வாந்திக்கு அதை விழுங்கினார்கள். கொஞ்ச நாளில், கை கால் சரியாக வளராத குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஒன்று இரண்டு அல்ல, உலகம் முழுக்க 10,000 குழந்தைகளுக்கு மேல்! 1961 இறுதியில்தான் ஜெர்மனியில் மாத்திரையைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் மட்டும் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, "நீங்கள் காட்டும் சான்று போதாது" என்று அனுமதி தர மறுத்துவிட்டார். நிறுவனம் எவ்வளவோ நெருக்கியும் அவர் அசையவில்லை. அதனால் அந்த நாடு பெரும்பாலும் தப்பியது.

மாத்திரை விழுங்கியது அம்மா. அடி விழுந்ததோ வயிற்றில் இருந்த குழந்தைக்கு. பிறக்காத குழந்தையிடம் போய், "இந்த மருந்து உனக்கு ஒத்துக்கொள்கிறதா?" என்று கேட்க முடியுமா? நேராகக் கேட்க முடியாதுதான். குருத்தணுவிடம் கேட்கலாமே!

ஜெர்மனியில் ஹோர்ஸ்ட் ஸ்பீல்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1997-ல் அதற்கு ஒரு சோதனையைச் சொன்னார்கள். சுண்டெலியின் கருமுளை ஸ்டெம் செல்களைச் சத்துநீரில் கலந்து, வட்டத் தட்டின் மூடியில் துளித்துளியாக வைப்பார்கள். பிறகு மூடியைக் கவிழ்த்துவிடுவார்கள். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் மழைத்துளி தொங்குமே, அதுபோலத் துளிகள் விழாமல் தொங்கும். செல்கள் துளியின் அடியில் இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும். அந்த உருண்டையை எடுத்து மேலும் வளர்த்து, பத்தாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால் அதிசயம்! உருண்டையின் ஒரு பகுதி சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். அங்கே எலியும் இல்லை, இதயமும் இல்லை. இதயத் தசைச் செல்கள் மட்டும் தாமாக உருவாகித் துடிக்கின்றன.

இப்போது இன்னொரு தட்டில் மருந்தையும் சேர்த்து வளர்ப்பார்கள். பத்தாம் நாளில் துடிப்பு இல்லையா? வளரும் செல்லின் வழியில் மருந்து குறுக்கே நின்றுவிட்டது என்று பொருள். வளர்ந்துவிட்ட செல்களுக்கும் அதே மருந்தைக் கொடுத்து ஒப்பிடுவார்கள். பெரிய செல்லுக்கு ஒன்றும் செய்யாத சிறிய அளவே குருத்தணுவைக் கெடுத்தால், எச்சரிக்கை மணி அடித்தாயிற்று.

சரி, தாலிடோமைடு எலியை அவ்வளவாகப் பாதிக்கவில்லை என்று முன்னே சொன்னேனே, அப்புறம் எலியின் செல்லை எப்படி நம்புவது? நல்ல கேள்வி! அதனால்தான் மனிதச் செல்கள் தேவைப்பட்டன. 1998-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலில் மனிதக் கருமுளை ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார். நமக்குப் பக்கத்தில் பெங்களூருவிலும் இது நடந்தது. ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் மனீஷா இனாம்தாரின் குழு, உடன்பிறப்புகளான இரண்டு செல் வரிசைகளை உருவாக்கி 2009-ல் வெளியிட்டது. குழந்தைப்பேறு சிகிச்சையில், தரம் போதாது என்று ஒதுக்கப்பட்ட கருமுளைகளிலிருந்து எடுத்தவை அவை.

கருமுளையை இப்படிப் பயன்படுத்தலாமா, அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். நம் நாட்டு விதிப்படி, சிகிச்சையில் மிஞ்சிய கருமுளையைப் பெற்றோர் சம்மதத்தோடுதான் எடுக்கலாம். 14 நாளுக்கு மேல் அதை வளர்க்கக் கூடாது. ஜப்பானின் ஷின்யா யமனாகா வேறு வழியே கண்டுபிடித்தார். 2006-ல் சுண்டெலியின் சாதாரணத் தோல் செல்லை மறுபடி குருத்தணு போல ஆக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் அது நடந்தது. வயலுக்குப் போன தண்ணீரை முக்கொம்புக்கே திருப்பி ஏற்றியது மாதிரி! 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் எலிகளுக்கும் முயல்களுக்கும் லாபம்தான். இந்த வேலையில் நம் திருச்சிக்கும் பங்கு உண்டு. புதுக்கோட்டை சாலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைப் பார்த்திருப்பீர்கள். உயிரியல் படிப்பில் விலங்குகளுக்குப் பதிலாக என்னென்ன செய்யலாம் என்று சொல்லித்தர, 2009-ல் அங்கே மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்து அறக்கட்டளை ஒன்று உதவியது. விலங்கியல் பேராசிரியர் எம்.ஏ. அக்பர்ஷா அதன் இயக்குநராக இருந்தார். அந்தக் காலத்தில் விலங்கியல் படித்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், தவளை அறுத்த கதையைச் சொல்வார்கள். 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஆனால் தட்டில் துடிக்கும் செல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. டெர்ஃபெனடின் என்று ஓர் ஒவ்வாமை மருந்து இருந்தது. கல்லீரல் அதை உடனே ஆபத்தில்லாத பொருளாக மாற்றிவிடும். வேறு சில மருந்துகளைக் கூடவே சாப்பிட்டால் கல்லீரலால் மாற்ற முடியாது. மருந்து ரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பைத் தடம் புரளச் செய்யும். சிலர் இறந்தே போனார்கள். 1998-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது போய்விட்டது. தட்டில் இதயச் செல் மட்டும் இருந்தால் கல்லீரலின் பங்கு எப்படித் தெரியும்? அதனால் இப்போது குருத்தணுக்களிலிருந்து இதயச் செல், கல்லீரல் செல் இரண்டையும் வளர்த்து, ஒரு சிறிய சில்லில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார்கள். நடுவே மயிரிழை போன்ற வாய்க்கால் வெட்டி, அதில் மருந்தை ஓடவிடுகிறார்கள். புது மருந்துகளைச் சோதிக்க இத்தகைய சில்லுகளையும் பயன்படுத்தலாம் என்று 2023-ல் இந்திய அரசு விதியைத் திருத்தியிருக்கிறது.