தினம் ஒரு புதிது – 9: லாடம் கழன்ற ஊர்

கத்தரிக்கோலை நான் பிடித்த விதத்தைப் பார்த்ததும் மீன்கடைப் பெரியவர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஜாக்கெட் துணி வெட்டுகிற மாதிரி பிடித்திருந்தேன் போலிருக்கிறது. இடது உள்ளங்கையில் நாலாய் மடித்த துணியை வைத்து, அதன்மேல் அந்த முள் உருண்டையை வைத்தார். முட்கள் இன்னும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. வாய் இருக்கிற பக்கத்தை மேலே திருப்பி, கத்தரி நுனியை உள்ளே செலுத்தி, தேங்காய்க் கண்ணைச் சுற்றி அறுப்பதுபோல வட்டமாக வெட்டினார். மூடி தனியே வந்தது. கவிழ்த்து ஒரு தட்டு தட்ட, கறுப்பாய்க் கொழகொழவென்று என்னவோ கீழே விழுந்தது. உப்புத் தண்ணீரில் ஒரு அலசு. உள்ளே ஓட்டோடு ஒட்டிக்கொண்டு ஐந்து ஆரஞ்சு நாக்குகள், நட்சத்திரம்போல.

இத்தாலியில் இதற்கு ‘ரிச்சோ’ என்று பெயர். நிலத்து முள்ளெலிக்கும் அதே பெயர்தான். கடல் முள்ளெலி.

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு ஒன்று என்று இதுவரை செய்யாத ஏதாவது ஒன்றைச் செய்துபார்ப்பது, இரவில் அதைப் பற்றி நோட்டில் மூன்று வரி எழுதுவது, இவ்வளவுதான் திட்டம். முதல் வரி, என்ன செய்தேன். இரண்டாவது வரி, என்ன நடக்கும் என்று நினைத்தேன். இதை மட்டும் செய்வதற்கு முன்பே எழுதிவிட வேண்டும், பிறகு திருத்தக்கூடாது. மூன்றாவது வரி, என்ன நடந்தது. கூகுள் எஞ்சினியராக இருந்த மாட் கட்ஸ் 2011இல் ஒரு மேடையில் மூன்றே நிமிடம் பேசி 30 நாள் சவாலைப் பிரபலப்படுத்தினாரே, அதுதானா இது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அவர் ஒரே காரியத்தை 30 நாள் தொடர்ந்து செய்யச் சொன்னார். பழக்கம் பிடிக்க அது நல்ல வழி. எனக்குப் பழக்கம் வேண்டாம். இருக்கிறவையே போதும்.

இந்த மாதம் முழுக்க ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருக்கிறேன். சிசிலித் தீவில், பலேர்மோ நகரின் வடமேற்கு ஓரத்தில், கல்லோ மலைக்குக் கீழே ஒடுங்கியிருக்கிற மீனவர் குடியிருப்பு. சின்னத் துறைமுகம், நிறம் அடித்த படகுகள், சாப்பாட்டின் முன்பாதியிலேயே வயிற்றை நிறைத்துவிடுகிற கடல் உணவு விடுதிகள். பெயரைப் பிரித்தால் ஒரு பாதி லாடம் கழற்றுவது, மறுபாதி குதிரை. அந்தக் காலத்துக் கரடுமுரடான பாதையில் வருகிற குதிரைக்கு லாடம் கழன்றுவிடுமாம், அதனால் இந்தப் பெயராம். ஊர்க்கதை. இதைவிட நல்ல விளக்கம் யாராவது சொல்லும்வரை நான் இதையே நம்புவதாக இருக்கிறேன்.

12ஆம் நாள் பனெல்லே. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் களியாகக் கிளறி, மெல்லிசாகப் பரப்பி, ஆறியதும் துண்டு போட்டு, எண்ணெயில் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் திணித்துத் தருகிறார்கள். பலேர்மோ தெருவின் செல்லப் பிள்ளை. இரண்டாவது வரியில் ‘முற்றிலும் புதிய சுவை’ என்று எழுதியிருந்தேன். மூன்றாவது வரி: ‘வாழைக்காய் ஓடிப்போன பஜ்ஜி.’

14ஆம் நாள் மிதந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. முத்துக் குளித்த, சங்கு குளித்த ஊர். ஆனால் கடல் முழங்காலுக்கு மேலே என்னைத் தொட்டதில்லை. எங்கள் தெருவில் கடல் என்பது தொழில், இல்லையென்றால் ஆபத்து. குளிக்கிற இடமென்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இங்கே பார்க்கரெல்லோ பாறைக் கரையில் எழுபது வயதுப் பாட்டிகள் காய்கறி வாங்கப் போகிற முகத்தோடு கடலுக்குள் இறங்குகிறார்கள். செப்டம்பர் கடல் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பாட்டி என் பிடரிக்குக் கீழே இரண்டு விரலை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். எப்போது எடுத்தார் என்று தெரியாது. காது தண்ணீருக்குள் போனதும் ஊர்ச் சத்தம் மொத்தமும் அணைந்துவிட்டது. கண்ணுக்கு மேலே கல்லோ மலையும் வானமும் மட்டும்.

இனி முள்ளெலிக்கு வருகிறேன். 17ஆம் நாள். இரண்டாவது வரியில் முன்கூட்டியே எழுதி வைத்தது இது: ‘நாற்றம் அடிக்கும். விழுங்க முடியாது. மரியாதைக்குச் சிரிக்க வேண்டியிருக்கும்.’ பெரியவர் ரொட்டித் துண்டால் அந்த நாக்கை வழித்து நீட்டினார். முதலில் உப்பு, ஒரு அலையை விழுங்கியதுபோல. பின்னாலேயே ஒரு இனிப்பு. இளநீர் வழுக்கையில் யாரோ உப்புத் தூவிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அது. நான் சிரிக்கவில்லை. இரண்டாவதுக்குக் கையை நீட்டினேன். பெரியவர்தான் சிரித்தார்.

காந்தியடிகள் லண்டனில் படித்தபோது ஊரிலிருந்து வந்த மசாலாவையும் இனிப்பையும் விட்டுவிட்டுச் சாப்பாட்டில் ஒவ்வொன்றாய்ச் சோதனை செய்தார். ஒருகாலத்தில் சப்பென்று இருந்த, மசாலா இல்லாமல் வேகவைத்த கீரை பிறகு அவருக்கு ருசிக்க ஆரம்பித்தது. ருசி இருப்பது நாக்கில் அல்ல, மனதில் என்பது அவர் கண்டது. அந்தச் சோதனைகளை அவர் உலகத்துக்குச் சொன்னதும் ஒரு வாரப் பத்திரிகையில்தான். ‘சத்திய சோதனை’ 1925 நவம்பரிலிருந்து 1929 பிப்ரவரி வரை ‘நவஜீவ’னில் அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. தொடர் எழுதுகிறவனுக்கு இது பெரிய ஆறுதல். ஒப்பீடு அதோடு நிற்கட்டும். அவர் விட்டுவிட்டுப் பார்த்தார், நான் தின்றுவிட்டுப் பார்க்கிறேன்.

அன்று அந்த மீன்கடையில் முள்ளெலி இரண்டு வகை கண்ணில் பட்டது. ஊதாவும் பழுப்புமாக ஒன்று. கன்னங்கரேலென்று இன்னொன்று, யாரும் சீந்தாமல் ஓரமாகக் கிடந்தது. ஊதா பெண், கறுப்பு ஆண், ஆணைத் தின்னக்கூடாது என்றார் பெரியவர். சிசிலி முழுக்க இதுதான் பேச்சு. தேடிப் படித்தால் இரண்டும் வேறு வேறு இனம். ஊதா பாராசென்ட்ரோட்டஸ் லிவிடஸ், கறுப்பு ஆர்பாசியா லிக்சுலா. ஒவ்வொன்றிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நாம் வழித்துத் தின்கிற ஆரஞ்சு நாக்கு இனப்பெருக்க உறுப்பு. நான் அன்று தின்றவற்றில் ஒன்றிரண்டாவது ஆணாகத்தான் இருந்திருக்கும். பெரியவரிடம் இதைச் சொல்லப் போகவில்லை. எதைத் தின்னலாம், எதைத் தள்ள வேண்டும் என்பதில் அவர் கணக்கு தப்பவில்லையே, பெயரில்தானே பிசகு.

அரசாங்கக் கணக்கு வேறு. 1995ஆம் ஆண்டு ஆணைப்படி மே, ஜூன் இரண்டு மாதமும் முள்ளெலி எடுக்கத் தடை. முள்ளோடு சேர்த்து 7 சென்டிமீட்டருக்குச் சிறியதை எடுக்கக்கூடாது. பொழுதுபோக்காக எடுப்பவர் மூச்சடக்கி முங்கி, வெறும் கையால், நாளைக்கு 50தான் எடுக்கலாம். நம் அந்தக் காலத்துச் சங்கு குளியாட்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். மூச்சடக்குவது இங்கே சட்டம், அவர்களுக்கு அது வயிற்றுப்பாடாக இருந்தது. ஸ்ஃபெர்ராகவால்லோவை ஒட்டிய கடல் 2002 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. நான் தின்றவை வேறு கரையிலிருந்து வந்தவையாம்.

நோட்டில் அன்று மூன்று வரியையும் முடித்துவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அக்கா வந்தார்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நான் தங்கியிருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பலேர்மோவில் ஈழத்தமிழர் எண்பதுகளிலிருந்தே இருக்கிறார்கள். பல பேருக்கு வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, சமையல். தொண்ணூறுகளில் வந்தவர் அக்கா. முள்ளெலி தின்ற வீரத்தை அவரிடம் விவரித்தேன். தினம் ஒரு புதிது, மூன்று வரி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல விளையாட்டுத்தான் தம்பி” என்றார். “நான் இங்க வந்த முதல் வருசம் எனக்கும் ஒவ்வொரு நாளும் புதுசுதான். பாஷை புதுசு, குளிர் புதுசு, மற்ற ஆக்களின்ர கிழவிக்கு முழுக வார்க்கிறது புதுசு. ஒண்டும் நான் கேட்டு வந்ததில்லை. எழுதி வைக்க நேரமும் இருக்கேல்லை.”

பதில் சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. நிலைமையைச் சமாளிக்க, “இப்போ புதுசா ஏதாவது செய்யணும்னா என்ன செய்வீங்க, அக்கா?” என்று கேட்டுவைத்தேன்.

“ஒரு நாள் சும்மா இருக்கோணும். முழு நாள். அது இன்னும் செய்து பாக்கேல்லை.”

இந்த ஊருக்குப் புதிதைத் தேடி வந்தவர்களில் பெரிய பெயர் ஜெர்மன் கவிஞர் கதேயுடையது. 1787 ஏப்ரல் 2 அன்று, நேப்பிள்ஸிலிருந்து வந்த கப்பலில் பெரும்பாலும் குமட்டலோடு படுத்த படுக்கையாகக் கிடந்துவிட்டுப் பலேர்மோவில் இறங்கினார். கவிதை எழுதும் யோசனையோடு 17ஆம் தேதி பூங்காவுக்குப் போனவருக்கு, செடிகளையெல்லாம் பார்த்ததும் இவை அத்தனைக்கும் மூலமான ஆதிச்செடி ஒன்று இருக்குமோ என்ற எண்ணம் வந்துவிட, அன்றைய கவிதை போயே போய்விட்டது. அதையும் குறித்து வைத்தார். கையில் நேரமும் காசும் நோட்டும் இருந்த மனிதர். அந்தப் பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்றியவருக்கு அது எத்தனையாவது நாளோ. அக்கா சொன்னதைக் கேட்காமல் இருந்திருந்தால் இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

அதனால் நோட்டில் நாலாவது வரி ஒன்று சேர்த்திருக்கிறேன்: ‘இது யாருக்கு அன்றாடம்?’ பழைய பக்கங்களுக்கும் போய் எழுதினேன். பனெல்லே: விடிவதற்கு முன்பே மாவு கிளறுகிறவருக்கு. மிதந்தது: பார்க்கரெல்லோ பாட்டிக்கு. முள்ளெலி: முங்கி எடுத்தவருக்கு. அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள், ஏழாம் நாள் இரண்டுக்கும் நாலாவது வரி எழுத முடியவில்லை. அறைக்குள் உட்கார்ந்து எனக்கு நானே செய்துகொண்ட வித்தைகள் அவை. புரட்டிப் பார்த்தால் மூன்றாவது வரியும் அந்த இரண்டு நாளில்தான் ரொம்ப வறட்சி.

தெருவில் விளக்குத் தோரணம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். மாதக் கடைசி ஞாயிறு கோஸ்மா, தமியானோ என்ற இரட்டை மருத்துவப் புனிதர்களின் திருவிழா. சுரூபங்கள் நிற்கும் பல்லக்கை வெறுங்காலோடு தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஆட்டுகிறார்கள். பனிமய மாதா தேரை நிதானமாக வடம் பிடித்து இழுத்துப் பார்த்த தூத்துக்குடிக்காரனுக்குச் சாமியோடு ஓடுவது என்பதே ஆச்சரியம். அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய ஞாயிறு அக்காவுக்கு விடுமுறை. சும்மா இருக்கப் போகிறாரா என்றால், இல்லை. பெல்லெக்ரினோ மலைக்குப் போகிறார், 606 மீட்டர். 1624இல் கொள்ளைநோய் பலேர்மோவை வாரிக்கொண்டு போனபோது அந்த மலைக் குகையில் கிடைத்த எலும்புகள் சாந்தா ரோசாலியா என்ற புனிதையுடையவை என்று முடிவாயிற்று. அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்த பிறகு நோய் நீங்கியது என்பது நகரத்தின் நம்பிக்கை. அன்றிலிருந்து அவர்தான் காவல் தெய்வம். குகைக் கோயிலில் இன்று ஞாயிறுதோறும் தமிழ் கேட்கிறது. அக்கா சைவ சமயத்தவர். “காக்கிறது எந்த அம்மனெண்டால் என்ன தம்பி” என்கிறார். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது வரியை அப்போதே எழுதிவிட்டேன்: ‘மூச்சு வாங்கும்.’ செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று அக்கா சொன்னது அதற்குப் பிறகு. திருத்தக்கூடாது என்பது நான் போட்ட விதிதான்.

(தொடரும்)