20 சென் எடையில் ஒரு தோட்டா

2021 டிசம்பர் 30. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம், நார்த்தாமலை. தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. யாரும் அவனைக் குறிவைக்கவில்லை. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், பசுமலைப்பட்டியில் உள்ள சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். 2022 ஜனவரி 3-இல் அவன் இறந்தான்.

அவ்வளவு தூரம் வந்த பிறகும் தோட்டாவுக்கு எப்படி அந்த வலு?

மாணவர்களே, படிவம் 3-இல் படித்த இயக்க ஆற்றல் சூத்திரத்தை எடுங்கள்: ½mv². இராணுவத் துப்பாக்கியின் சிறிய தோட்டா ஒன்று சுமார் 4 கிராம். நம் 20 சென் நாணயமும் ஏறக்குறைய அதே எடைதான். நாணயத்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசினால் ஆற்றல் 0.8 ஜூல். தோட்டா வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றல் 1,620 ஜூல். வேகம் 45 மடங்கு, ஆற்றலோ 2,025 மடங்கு! வேகம் இருமடியாவதால் வரும் வினை இது. காற்றுத் தடையால் வழியில் பெரும்பகுதி குறைந்தாலும், மிச்சமிருப்பதே மண்டையோட்டைத் துளைக்கப் போதும். குறி தவறிய தோட்டா காணாமல் போவதில்லை. எங்கோ போய் விழத்தான் செய்யும். அதனால்தான் சுடுபவர் இலக்கை மட்டுமல்ல, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆகவே நம் வீடுகளில் துப்பாக்கி அபூர்வம். ஆனால் ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை உண்டு, உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கிகளும் உண்டு. உடன் வந்தவரையே விலங்கு என்று நினைத்துச் சுட்டுவிட்ட செய்தியை அவ்வப்போது நாளிதழில் படிக்கிறோம். கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கண்ணும் மூளையும் சேர்ந்து செய்யும் பிழை அது.

இருட்டில் விளக்கடித்தால் மானின் கண்கள் பளிச்சிடும்; விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் இருப்பதே காரணம். பன்றிக்கும் மனிதனுக்கும் அது இல்லை. ஆக, பன்றிக்குக் காத்திருப்பவருக்குக் கிடைப்பது சருகுச் சத்தமும் ஒரு கரிய உருவமும்தான். மிச்சத்தை மூளை நிரப்புகிறது. எதிர்பார்ப்பது பன்றி என்றால், தெரிவதும் பன்றியே. முழு உருவமும் தெரியாமல் விசையில் விரல் வைக்கக்கூடாது என்ற விதி இதற்காகத்தான்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் தோட்டாவை அகற்றி, பூட்டி வைக்க வேண்டும். தோட்டாக்களை வேறு இடத்தில் பூட்ட வேண்டும். இப்படிச் செய்த வீடுகளில் இளையோர் காயமடைவது குறைவு என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. நண்பன் எடுத்துக் காட்டினாலும் தொடாதீர்கள், பொம்மையா என்று சோதிக்காதீர்கள். அங்கிருந்து விலகிப் பெரியவரிடம் சொல்லுங்கள். வெளியே கிடந்தால் 999.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் பளீர் ஆரஞ்சு அங்கி அணிய வேண்டும். சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத மானுக்கு அது மங்கல். மனிதக் கண்ணுக்கோ தீப்பிழம்பு. இரவில் இந்த ஆரஞ்சு பயன்படாது. அப்போது தேவை, மோட்டார்சைக்கிளோட்டிகளின் அங்கியில் இருப்பதைப் போன்ற, ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டை.