அப்பா பேரைக் கடன் வாங்கிய ஊர்கள்!

ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், பஸ் பாஸ்... காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை ஃபார்ம் நிரப்பியிருப்போம்! அப்பா பெயர், நிரந்தர முகவரி, எந்த நாட்டுக் குடிமகன்... பக்கத்து சீட்டில் கதை அடித்துக்கொண்டே எழுதிவிடுவோம், இல்லையா? இந்த மூன்று கட்டத்திலும் உண்மையை எழுதினால் ஸ்கூலில் சீட்டே கிடைக்காத ஊர்கள், 2015 வரை இந்தியா - வங்கதேச எல்லையில் இருந்தன ஃப்ரெண்ட்ஸ்!

மேற்கு வங்கத்தின் கூச் பிஹார் பக்கம் மேப்பை எடுத்துப் பாருங்கள். பழைய மேப்பாக இருந்தால் தலை சுற்றும். வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள். இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். உள்ளூர்ப் பெயர், 'சித்மஹால்'. இதில் தஹாலா காக்ராபாரி என்று ஒன்று. வங்கதேசத்துக்குள் ஓர் இந்தியத் துண்டு, அதற்குள் வங்கதேசத் துண்டு, அதற்குள் மறுபடியும் இந்தியா! சி லேபில் ஃபார் லூப்புக்குள் ஃபார் லூப் போட்டே முழி பிதுங்குவோமே... அதே கதைதான். இத்தனைக்கும் அந்த நிலம் இரண்டு ஏக்கர்கூட இல்லை!

எப்படி வந்தது இந்தச் சிக்கல்? கூச் பிஹார் மகாராஜாவும் ரங்பூர் ஃபௌஜ்தாரும் செஸ் விளையாடி, கிராமங்களைப் பந்தயம் கட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். செம கதைதான். ஆனால், வரலாறு வேறு. 1713 வாக்கில் முகலாயர்களும் கூச் பிஹாரும் சமாதானமானபோது, அவரவர் ஆட்கள் பிடித்து வைத்திருந்த நிலம் அவரவருக்கே என்று விட்டுவிட்டார்கள். அப்போது அது வெறும் வரி விஷயம். 1947-ல் ரங்பூர் பாகிஸ்தானுக்குப் போனது. 1949-ல் கூச் பிஹார் இந்தியாவோடு சேர்ந்தது. வரி வாங்கிய கோடு, சர்வதேச எல்லையாகிவிட்டது!

அதற்குப் பிறகு அங்கே கரன்ட் இல்லை, போலீஸ் இல்லை, ஓட்டும் இல்லை. வங்கதேசத்துக்குள் இருக்கும் 'இந்தியர்' இந்தியாவுக்கு வர வேண்டுமென்றால், வங்கதேச மண்ணைத் தாண்டணும். அதற்கு விசா வேணும். விசா கொடுக்கும் ஆபீஸோ இந்திய நகரத்தில். அங்கே போக, வங்கதேச மண்ணைத் தாண்டணும். எப்படி இருக்கு?

அதனால், படிக்க ஆசைப்பட்ட பசங்க வெளியூரில் தெரிந்த ஒருவரை 'அப்பா' என்று எழுதி ஸ்கூலில் சேர்ந்தார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போன பெண்கள், கணவர் பெயரையும் இப்படிக் கடன் வாங்கினார்கள். சர்டிஃபிகேட் முழுக்க இன்னொருவர் பெயர். பெற்ற அப்பா வீட்டிலேயே இருக்க, ரெக்கார்டில் மட்டும் வேறு அப்பா!

1974-லேயே இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால், நம் பார்லிமென்ட் 100-வது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்ற 2015 மே மாதம் ஆனது. ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. தாசியார் சராவில் 68 வருடங்களுக்கு 68 மெழுகுவத்தி ஏற்றினார்கள். (ஒன்று மட்டும் மாறவில்லை. தஹாகிராம்-அங்கர்போதா இன்றும் இந்தியா சூழ்ந்த வங்கதேசம்தான். 'தீன் பிகா' என்ற குட்டிப் பாதை வழியாகத்தான் போய் வருகிறார்கள்.)

எந்த நாடு வேணும் என்று மக்களையே கேட்டதுதான் இதில் ஹைலைட். இந்தியாவுக்குள் இருந்த 14,000-க்கும் மேற்பட்டவர்கள் மொத்தமாக இந்தியா என்றார்கள். அந்தப் பக்கம் இருந்த 37,000 பேரில் இங்கே வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. வந்தவர்கள் நிலத்தை விட்டுவிட்டு, சில வருடங்கள் தற்காலிக முகாமில் காலம் தள்ளினார்கள். மற்றவர்கள் வயலும் வீடும் இருக்கும் இடமே போதும் என்று, நாட்டை மாற்றிக்கொண்டார்கள், ஊரை மாற்றவில்லை.

உங்கள் கையில் அந்த ஃபார்மைக் கொடுத்திருந்தால், எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள்?