குரலுக்கு ஏது கோலம்?



நம் ஊரைப் போலவே காவிரிக்கரையில் உள்ள கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். நாடக மேடைகளில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து பாடிப் பெரும்புகழ் பெற்று, அவரையே மணந்தார். 1933-இல் கிட்டப்பா மறைந்தார். அன்று முதல் வெள்ளுடை அணிந்தார்; ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். பின்னர் ஏற்றவை 1935-இல் ஆண்வேடத்தில் நந்தனார், 1940-இல் துறவி மணிமேகலை, 1953-இல் மூதாட்டி ஒளவையார்.

அவரைவிடச் சற்றே இளையவரான தியாகராஜ பாகவதரோ, 1944-இல் ‘ஹரிதாஸ்’ படத்திலும் கன்னியரைக் கவரும் நாயகராகத் திகழ்ந்தார்!

அம்மையாரின் உறுதி போற்றத்தக்கதே. ஆயினும் இளம் விதவைக்கு அன்றைய சமுதாயம் விட்டுவைத்த கோலங்கள் எத்தனை? கோலம் மாறினும் அவர் குரல் குன்றவில்லை. பாடகியரைக் குரலால் மதிப்போமாக!