வேட்டியும் சோறும் ஒரே சர்க்கரை

டென்மார்க்கின் பிராண்டே நகரில் அபிராமி அம்மன் கோயில் திருவிழா. பருத்தி வேட்டி கட்டிய ஒருவர் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இடுப்பில் இருப்பதும் அவர் முன்னால் இருக்கும் சோறும் ஒரே பொருளால் ஆனவை. இரண்டும் குளுக்கோசு. பருத்தி நூல் ஏறக்குறைய முழுதும் செல்லுலோசு. சோற்றில் இருப்பது மாவுச்சத்து. இரண்டுமே குளுக்கோசு மணிகளைக் கோத்த நீண்ட சரங்கள்தான். கோத்த விதம் மட்டும் வேறு. மாவுச்சத்தில் எல்லா மணியும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். அதனால் சரம் சுருண்டு வளையும். செல்லுலோசில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதனால் சரம் நேராக நீண்டு, பக்கத்துச் சரத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும்.

சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கத் தொடங்கும். எச்சிலில் உள்ள அமிலேசு நொதி சுருள் சரத்தை வெட்டுவதன் ருசி அது. நேர்ச்சரத்தை வெட்டும் நொதி மனித உடலில் இல்லை. கீரைத்தண்டின் செல்லுலோசு வாய், இரைப்பை, சிறுகுடல் எல்லாம் கடந்து அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். வெங்காயத்தின் இனுலின், வெண்டைக்காயின் வழுவழுப்பு, வெந்தயத்தின் பசை ஆகியவையும் அப்படியே. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் நார்ச்சத்து என்கிறோம். வேதியியலின் கணக்கில் இவற்றில் பெரும்பாலானவை கார்போஹைட்ரேட்டுகள். ஆனால் இரத்தத்தில் சர்க்கரையாக ஏறுவதில்லை.

பெருங்குடலில் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள். அங்குள்ள கோடானுகோடி பாக்டீரியாக்களிடம் நமக்கில்லாத நொதிகள் உண்டு. அவை நாரில் ஒரு பகுதியைப் புளிக்க வைத்து அசிட்டிக், புரொப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் இந்தப் பியூட்டிரிக் அமிலம்தான். உடம்பின் மற்றச் செல்கள் பெரும்பாலும் இரத்தம் கொண்டுவரும் எரிபொருளை நம்பியிருக்க, இவை குடலுக்குள் பாக்டீரியா சமைத்துக் கொடுப்பதைத் தின்று வாழ்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

இப்போது பிராண்டேயின் ஒரு தமிழ் வீட்டுக்கு வருவோம். 1980களின் நடுப்பகுதி முதல் ஈழத்திலிருந்து ஏதிலிகளாக வந்து, டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் உள்ள சிறு நகரங்களில் குடியேறியவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. புலம்பெயர்ந்த இலங்கையரிடையே நீரிழிவு அதிகம் என்பதை ஒஸ்லோ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. “மாப்பொருளைக் குறையுங்கோ” என்ற அறிவுரை கிடைத்ததும் வீட்டுக்காரர் சோற்றை விடுகிறார். புட்டு, இடியப்பத்தையும் விடுகிறார். தட்டில் முட்டை, கோழி, சீஸ். சர்க்கரை இறங்குகிறது. நாலாம் நாள் வயிறு இறுகிக்கொள்கிறது.

சோற்றை விட்டதால் நார் போய்விட்டது என்று அவர் நினைக்கிறார். வெள்ளைச் சோற்றில் நார் இருந்தால்தானே போவதற்கு? நூறு கிராம் சோற்றில் அரைக் கிராம்கூடத் தேறாது. போனது சோற்றோடு வந்த கூட்டம். சோறு இருந்ததால்தான் கோவா வறை, முருங்கைக்காய்க் கறி, கீரை, சம்பல் எல்லாம் தட்டுக்கு வந்தன. கறியைச் சோற்றுக்குத் துணை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். சோறு எழுந்து போனதும் துணைகளும் கூடவே எழுந்து போய்விட்டன.

டேனிஷ்காரர் கதை வேறு. அவர்களுக்கு நார் பெரிதும் வருவது ரூப்ரோ என்னும் ரை தானியக் கறுப்புப் பாணில்தான். முதல் உலகப் போரில் முற்றுகையால் தானிய வரத்து நின்றபோது, மேற்கு யூட்லாந்தில் பிறந்த மருத்துவர் மிக்கல் ஹிண்ட்ஹீடெ, கால்நடைக்குப் போய்க்கொண்டிருந்த தவிட்டை மனிதரின் பாணில் சேர்க்கச் சொன்னார். அந்தக் காலத்தில் கோப்பன்ஹேகனில் இறப்பு குறைந்ததை 1920இல் எழுதினார். ஆகவே பாணை நிறுத்தும் டேனிஷ்காரர் உண்மையிலேயே நாரை இழக்கிறார். சோற்றை மட்டும் நிறுத்தி மரக்கறியைக் கூட்டும் தமிழர் இழப்பது மிகக் கொஞ்சம். மாப்பொருளை நிறுத்தினால் நார் போய்விடும் என்ற எச்சரிக்கை அண்டை வீட்டுக்குச் சரி, நமக்கு அப்படியே பொருந்தாது.

நோர்டிக் நாடுகளின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரை பெண்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார், ஆண்களுக்கு 35 கிராம் என்கிறது. சோறில்லாமல் இது முடியுமா? கோவா 150 கிராம், வெண்டைக்காய் 150 கிராம், கிரொன்கோல் என்னும் டேனிஷ் சுருள்கீரை 100 கிராம், தேங்காய்ப்பூ 50 கிராம், பாதாம் ஒரு கைப்பிடி, பொடித்த ஆளிவிதை இரண்டு மேசைக்கரண்டி. கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய 25 கிராம் நார். பெண்களுக்கு இது போதும், ஆண்கள் இன்னும் பத்துக் கிராம் கூட்ட வேண்டும். இத்தனையிலும் சர்க்கரையாக மாறக்கூடிய கார்போஹைட்ரேட் சுமார் 20 கிராம்தான். அரைக் கோப்பைச் சோற்றில் இருப்பதைப்போல.

கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கப் புத்தகங்கள் “மொத்தக் கார்போஹைட்ரேட்டிலிருந்து நாரைக் கழியுங்கள்” என்று சொல்லித்தரும். அங்கே அது சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, டேனிஷ் பொட்டலத்தில் ‘குல்ஹிட்ராட்’ என்று அச்சிடப்படும் எண்ணில் நார் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்க அட்டவணையில் 100 கிராம் ஆளிவிதைக்கு 29 கிராம் கார்போஹைட்ரேட். அதில் 27 நார். டேனிஷ் முறையில் அதே விதைக்கு 2 கிராம் என்றே வரும். இதிலும் நாரைக் கழித்தால் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். ஆளிவிதையில் பிழை உடனே தெரியும், பாணில் தெரியாது. தெரியாமல் இரண்டு துண்டு கூடுதலாக உள்ளே போகும்.

மாப்பொருளைத் தவிர்த்து நாரைத் தேடியது நம் காலத்தில் தொடங்கியதல்ல. இன்சுலினுக்கு முந்திய நாளில் நீரிழிவுக்கு உணவுக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலனின் பட்டினிச் சிகிச்சையில் மரக்கறியை மூன்று முறை தண்ணீர் மாற்றி அவித்துக் கொடுத்தார்கள். சர்க்கரையும் மாவும் தண்ணீரோடு போய்விடும். மிஞ்சுவது வயிற்றை நிரப்பும் வெறும் நார். குழந்தைகள்கூட அதைத் தின்று நாள்களை நீட்டினார்கள். 1922இல் டேனிஷ் நோபல் பரிசாளர் ஆகஸ்ட் குரோக் அமெரிக்கா சென்றபோது, மருத்துவரும் நீரிழிவு நோயாளியுமான அவர் மனைவி மரீ, டொரொன்டோவில் கண்டறிந்த மருந்தைப் பற்றி விசாரிக்கத் தூண்டினார். இன்சுலின் தயாரிக்கும் அனுமதியோடு அவர்கள் டென்மார்க் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு இங்கே நோயாளிகளுக்கு அது கிடைத்தது.

இன்று மருந்து இருப்பதால்தான் ஒரு கவனம் கூடுதலாக வேண்டும். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் வேறு மருந்தோ எடுப்பவர் சோற்றைச் சட்டென்று நிறுத்தினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளோடு மாப்பொருளை மிகவும் குறைத்தால் இரத்தம் அமிலமாகும் ஆபத்தும் உண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். நாரையும் ஒரே நாளில் கூட்ட வேண்டாம், வயிறு ஊதும். இரண்டு மூன்று வாரத்தில், தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். வெந்தயத்தை ஊறவைத்துப் பாருங்கள், தண்ணீரைக் குடித்து எப்படிப் பசையாக உப்புகிறது என்று. அந்தப் பசைதான் குடலில் சர்க்கரை உள்ளே ஏறும் வேகத்தையும் தணிக்கிறது.

யூட்லாந்தில் பனி விழுந்த பிறகும் தோட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் கிரொன்கோலைப் பார்த்திருப்பீர்கள். குளிர் ஏற ஏற அது இலையில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். உறைபனி கண்ட இலைக்கு ருசி கூடுவது அதனால்தான். நடு நரம்பை எறியாமல் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கைநிறையத் தேங்காய்ப்பூ போட்டு முருங்கையிலை வறுப்பதுபோல வறுத்தெடுங்கள். சோற்றுக்குத் துணையாக ஒரு கரண்டி வைத்தது போதும். இனித் தட்டின் நடுவில் வையுங்கள்.